லெய்டன் நகரத்துக் குளிர்கூடம்

லெய்டன் என்ற ஊர்ப் பெயர் தமிழ் படித்தவர்களுக்குப் புதியதன்று. நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் தானமாக வழங்கிய செய்தியைக் கூறும் செப்பேடுகள், காலப்போக்கில் கடல் கடந்து ஹாலந்து தேசத்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சென்று சேர்ந்தன. அதனாலேயே அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்ற பெயர் நிலைத்தது. பழவேற்காட்டிலும் நாகையிலும் டச்சுக்காரர் கோட்டை கட்டி வாணிகம் நடத்திய நாள்களின் எச்சம் அது. இன்று நாம் அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் செல்லப்போகிறோம். ஆயின் சாசனங்களைத் தேடியன்று. கால்வாய்க் கரையில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தையும், அதனை 41 ஆண்டுக் காலம் நடத்திய ஒரு பேராசிரியரையும் பற்றியே பேச இருக்கிறோம்.

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நேயர்களில் சிலரேனும் பெரிய மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. என்னும் இயந்திரத்தின் குகை போன்ற வாயினுள் படுத்து எழுந்திருப்பார்கள். படுத்தவரைச் சுற்றி ஒரு பெரிய காந்தம் இருக்கிறது. அந்தக் காந்தம் இரும்பால் ஆனதன்று. கம்பிச்சுருள் ஒன்றில் ஓடும் மின்சாரத்தால் ஆனது. அச்சுருளில் ஒருமுறை மின்சாரத்தை ஏற்றி, இரு முனைகளையும் இணைத்துவிட்டால் போதும். வெளியிலிருந்து மேலும் மின்சாரம் ஊட்டாமலேயே அது ஆண்டுக் கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தேய்வில்லை, சூடில்லை. கம்பி மட்டும் சைபருக்குக் கீழ் 269 டிகிரி குளிரில் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருத்தல் வேண்டும். இந்த விந்தைக்கு ஆங்கிலத்தில் சூப்பர் கண்டக்டிவிட்டி என்று பெயர். தமிழில் மீக்கடத்துதிறன் என்கிறோம். அத்திறன் உடைய பொருள் மீக்கடத்தி. மேல் என்ற பொருளுடைய ‘மீ’ என்னும் ஓரெழுத்துச் சொல் இங்கே நன்றாகப் பொருந்தி வந்திருக்கிறது என்பது மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்முடைய கருத்து. இந்தத் திறனை முதன்முதலில் கண்டவர், அதனை ஒரு பொறியாக மாற்றிவிட முடியும் என்று கனவு கண்டவர், அக்கனவு உடைந்ததையும் தம் கண்ணாலேயே கண்டவர், லெய்டன் பேராசிரியர் ஹைக்கே காமர்லிங் ஓன்ஸ்.

ஓன்ஸ் 1853ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஹாலந்தின் வடபகுதியிலுள்ள குரோனிங்கன் நகரில் பிறந்தார். தந்தை செங்கற்சூளை வைத்து நடத்தியவர். 1870இல் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மைந்தர், அடுத்த ஆண்டே ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகருக்குச் சென்று புன்சன், கிர்க்காஃப் ஆகிய இரு பெரும் ஆசான்களிடம் பாடம் கேட்டார். பின்னர் ஊர் திரும்பி, பூமி தன்னைத் தானே சுற்றுகிறது என்பதற்கு ஊசலைக் கொண்டு புதிய சான்றுகள் காட்டி 1879இல் டாக்டர் பட்டம் பெற்றார். இடையே டெல்ஃப்ட் தொழில் நுட்பக் கல்லூரியில் உதவியாளராகப் பணி. 1882இல், தமது 29ஆம் வயதில், லெய்டன் பல்கலைக்கழகத்தின் பரிசோதனைப் பௌதிகப் பேராசிரியரானார். அப்பதவியிலிருந்து 1923 வரை அவர் அகலவில்லை.

பதவியேற்றபோது அவர் நிகழ்த்திய உரையில் ஒரு வாசகம் இடம் பெற்றது. அளத்தலின் வழியே அறிதல் என்பது அதன் பொருள். பௌதிக ஆய்வுக்கூடம் ஒவ்வொன்றின் வாயிலிலும் அதனை எழுதி வைக்கவேண்டும் என்று அவர் விரும்பினார். இன்று கேட்க இது சாதாரணமாகத் தோன்றலாம். அந்நாளில் ஒரு சிறிய நாட்டின் பழைய பல்கலைக்கழகத்தில் அளப்பதற்குரிய கருவி ஏது? பேராசிரியர் மேசையில் மாணவர்க்குக் காட்டும் வேடிக்கைப் பரிசோதனைகளுக்குக் கருவிகள் உண்டு. ஆண்டுக் கணக்கில் நுட்பமாக அளந்து முடிவு காணும் கருவிகள் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் இருந்த வான் டெர் வால்ஸ் என்ற மேதை, எல்லா வாயுக்களும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்ற கொள்கையை எழுத்தில் நிறுவியிருந்தார். அதனை அளந்து பார்ப்பதற்கு வாயுக்களைக் கடுங்குளிரில் வைத்தாக வேண்டும். அதற்குக் குளிர் வேண்டும். அதுவும் நாள்முழுதும் நிலைத்து நிற்கும் குளிர் வேண்டும்.

ஆகவே ஓன்ஸ் குளிரை உற்பத்தி செய்யப் புகுந்தார். அவர் கையாண்ட முறை மாடிப்படி இறங்குவது போன்றது. முதலில் மீதைல் குளோரைடு என்ற பொருளைத் திரவமாக்குவது. அது ஆவியாகும்போது உண்டாகும் குளிரைக் கொண்டு எதிலீனைத் திரவமாக்குவது. அதன் குளிரைக் கொண்டு ஆக்சிஜனை. அதன் குளிரைக் கொண்டு காற்றை. ஒவ்வொரு படிக்கும் தனித்தனிப் பம்பு, தனித்தனிக் குழாய், கசிவில்லாத மூட்டு. 1890களின் தொடக்கத்தில்தான் இந்த ஏணி ஒழுங்காக இயங்கத் தொடங்கியது. பதவியேற்றுப் பத்தாண்டுகள் சென்றிருந்தன. நமது நாட்டில் இன்று ஒரு பேராசிரியர் பத்தாண்டுகள் குழாய்களை இணைத்துக்கொண்டிருந்தால் தணிக்கை அதிகாரிகள் எத்தனை விளக்கம் கேட்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

விளக்கம் கேட்கும் நாள் லெய்டனிலும் வந்தது. அது கணக்கைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. 1807ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், வெடிமருந்து ஏற்றி வந்த கப்பலொன்று நகரின் நடுவே கால்வாயில் வெடித்துச் சுமார் 150 பேர் மாண்டனர், வீதிகள் தரைமட்டமாயின. அந்தப் பாழிடத்தில் எழுப்பப்பட்ட கட்டடமே ஓன்ஸின் ஆய்வுக்கூடம். அழுத்தம் ஊட்டிய வாயுக்கள் அங்கே உருளைகளில் அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன என்ற செய்தி 1895இல் நகரசபையின் காதுக்கு எட்டியதும் ஊரார் அஞ்சினர். அந்த அச்சத்தை நாம் இகழ மாட்டோம். பாட்டனார் சொன்ன கதையில் வீடு இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். வழக்கு மேலிடம் வரை சென்றது. குளிர்ப் பரிசோதனைகள் நின்றன. நிபுணர்கள் அடங்கிய குழு ஆராய்ந்தது. அதில் வான் டெர் வால்ஸும் ஒருவர். இலண்டனில் இதே துறையில் போட்டியாளராக விளங்கிய ஜேம்ஸ் டூவார், ஓன்ஸுக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார். 1898இல்தான் அனுமதி கிட்டியது. அதே 1898இல், மே மாதத்தில், டூவார் இலண்டனில் ஹைட்ரஜனைத் திரவமாக்கிப் புகழ் பெற்றுவிட்டார். லெய்டனில் ஹைட்ரஜன் திரவமாகப் பெருகியது 1906இல்.

இந்தத் தாமதத்தில் மனமுடையாமல் ஓன்ஸ் செய்த ஒரு காரியத்தை நாம் மிக உயர்வாக மதிக்கிறோம். நல்ல கருவி வேண்டுமாயின் நல்ல தொழிலாளி வேண்டும் என்று கண்ட அவர், 1901இல் கருவி செய்வோருக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியை முறையாக அமைத்தார். உலோகம் கடைதல், பற்றவைத்தல், கண்ணாடி ஊதுதல் ஆகிய வேலைகளைச் சிறுவர்கள் அங்கே கற்றார்கள். கற்றுக்கொண்டே ஆய்வுக்கூடத்தில் பம்புகளையும் வால்வுகளையும் கவனித்துக்கொண்டார்கள். நீலச் சட்டை அணிந்ததால் அவர்களுக்கு நீலப் பையன்கள் என்று பெயர். கண்ணாடி ஊதுவதில் கெசல்ரிங் என்ற ஜெர்மானியர் ஆசானாக இருந்தார். குளிர்ப் பொறிகளுக்கெல்லாம் தலைமை மேஸ்திரியாக வளர்ந்தவர் ஹெரிட் யான் ஃப்ளிம். டூவார் இலண்டனில் தம் கைத்திறனையும் ஓரிரு உதவியாளரையும் நம்பியிருந்தார். ஓன்ஸோ ஒரு பட்டறையையே, அதனினும் ஒரு பரம்பரையையே, உருவாக்கினார். அந்தப் பள்ளி இன்றளவும் லெய்டனில் நடைபெறுகிறது.

இன்னொன்றையும் மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டச்சு மொழி சிறு மொழி. அதில் எழுதினால் உலகம் படிக்காது. இதை உணர்ந்த ஓன்ஸ் 1885 முதலே ஆய்வுக்கூடத்தின் முடிவுகளை ஆங்கிலத்தில் தொடர் வெளியீடுகளாக அச்சிட்டு நாடுதோறும் அனுப்பலானார். முதலில் தாய்மொழியில் அகாதெமியில் வாசிப்பது. பின்னர் ஆங்கிலத்தில் வெளியிடுவது. தாய்மொழியையும் விடவில்லை, உலகையும் விடவில்லை. அந்த ஆங்கிலத்தில் டச்சு வாடை வீசுவதுண்டு. வீசட்டும், செய்தி போய்ச் சேர்ந்தது.

இனி ஹீலியத்துக்கு வருவோம். இதன் பெயர் சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1868ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தைக் காண ஐரோப்பிய விஞ்ஞானிகள் நமது குண்டூர் வரை வந்த கதையை ஆந்திரத்தில் வாழும் நேயர்கள் அறிந்திருக்கலாம். அக்காலத்தில் சூரிய ஒளியில் தென்பட்ட ஒரு மஞ்சள் கோட்டுக்கு உரிய மூலப்பொருளே ஹீலியம். பூமியில் அதனை 1895இல் ராம்சே கண்டெடுத்தார். எல்லா வாயுக்களும் திரவமான பின்னும் ஹீலியம் மட்டும் பணியவில்லை. அது கிடைப்பதும் அரிது. மோனசைட் என்னும் மணலைச் சூடாக்கினால் சிறிதளவு வெளிவரும். வாணிகத் தகவல் அலுவலகம் ஒன்றை நடத்திய ஓன்ஸின் தம்பி, அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து மூட்டை மூட்டையாக அந்த மணலை வரவழைத்துக் கொடுத்தார். நமது மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் இருப்பது அடுத்த ஆண்டு, 1909இல், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டி வந்த மணலை ஆராய்ந்த ஒரு ஜெர்மானியரால் தெரியவந்தது. ஓராண்டு முந்தியிருந்தால் இந்தக் கதையில் நம் மணலுக்கும் ஓர் இடம் இருந்திருக்கும்.

1908ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள். முந்தின நாளே 75 லிட்டர் திரவக் காற்று தயாராகியிருந்தது. விடியற்காலை ஆறு மணிக்கு முன்பே வேலை தொடங்கிற்று. பிற்பகலுக்குள் 20 லிட்டர் திரவ ஹைட்ரஜன் சேர்ந்தது. பிறகு ஹீலியத்தைச் சுழலவிட்டார்கள். கருவியை விட்டுப் பேராசிரியரால் கையெடுக்க முடியவில்லை. அவருடைய மனைவியார் ரொட்டித் துண்டுகளைக் கொண்டுவந்து ஊட்டினார் என்று சொல்லப்படுகிறது. மாலை வந்தது. வெப்பமானி ஓரளவு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. திரவ ஹைட்ரஜனின் கடைசிப் பாத்திரமும் இணைக்கப்பட்டுவிட்டது. கண்ணாடிக் குடுவையில் ஒன்றும் தெரியவில்லை. அப்போது வேடிக்கை பார்க்க வந்திருந்த ரசாயனப் பேராசிரியர் ஸ்ஹ்ரைனமாக்கர்ஸ், வெப்பமானி அசையாமல் நிற்பது ஏதோ திரவத்தில் மூழ்கியிருப்பது போலல்லவா இருக்கிறது என்றார். கீழிருந்து விளக்கொளியைச் செலுத்திப் பார்த்தார்கள். கத்தி முனை போன்ற தெளிவுடன் ஒரு திரவத்தின் விளிம்பு தெரிந்தது. மணி மாலை ஏழரை. குடுவை ஏற்கெனவே ஏறத்தாழ நிரம்பியிருந்தது! கிடைத்த அளவு 60 கன சென்டிமீட்டர். நம் வீட்டுக் காப்பித் தம்ளரில் பாதிகூட இராது. இருபத்தாறு ஆண்டுகளின் விளைவு அது. அதற்குப் பிறகு 15 ஆண்டுகள், 1923 வரை, உலகில் வேறெந்த ஆய்வுக்கூடத்திலும் திரவ ஹீலியம் உண்டாகவில்லை.

திரவம் கிடைத்ததும் அதில் எதை நனைத்துப் பார்ப்பது? உலோகத்தைக் குளிர்வித்தால் அதன் மின்தடை குறையும் என்பது முன்பே தெரியும். முற்றும் குளிர்ந்தால் என்ன ஆகும் என்பதில் மூன்று கட்சிகள் இருந்தன. தடை மெல்ல மெல்லச் சைபராகும் என்றது ஒன்று. ஓரளவில் நின்றுவிடும் என்றது மற்றொன்று. மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான்களே உறைந்துபோய்த் தடை எல்லையின்றி வளரும் என்றார் கெல்வின் பிரபு. ஓன்ஸ் பிளாட்டினத்தையும் தங்கத்தையும் சோதித்தார். தடை ஓரளவில் நின்றது. உலோகத்திலுள்ள அசுத்தமே அதற்குக் காரணம் என்று கருதினார். எனவே மிகச் சுத்தமான உலோகம் வேண்டும். வாலையில் இட்டு மீண்டும் மீண்டும் வடித்துச் சுத்தம் செய்யத்தக்க உலோகம் பாதரசம். நம் சித்த வைத்தியர்கள் பாதரசத்தைச் சுத்தி செய்யப் பட்ட பாட்டை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். லெய்டனிலும் ஏறத்தாழ அந்தப் பாடுதான்.

1911ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், கண்ணாடி நுண்குழாய்களில் அடைத்த பாதரசத்தைத் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தினார்கள். குளிர்ப்பொறியின் அருகே ஓன்ஸும் ஃப்ளிமும் நின்றனர். வெப்பநிலையைப் பார்த்தவர் டோர்ஸ்மன். மின்தடையை அளக்கும் நுண்ணிய கேல்வனாமீட்டர் பம்புகளின் அதிர்வு தாக்காதவாறு 50 மீட்டர் தொலைவில் ஓர் இருட்டறையில் இருந்தது. அங்கே அமர்ந்து அளவுகளைக் குறித்தவர் ஹிலெஸ் ஹோல்ஸ்ட் என்ற இளைஞர். மாலை நான்கு மணிக்குக் குறிப்பேட்டில் ஓன்ஸ் பென்சிலால் எழுதினார்: பாதரசத்தின் தடை ஏறத்தாழச் சைபர் என்று. அவர் எதிர்பார்த்ததும் தடை மறையும் என்பதே. ஆனால் அது மெல்ல மெல்ல மறையும் என்று எண்ணியிருந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் பரிசோதனையைத் திரும்பச் செய்து படிப்படியாக அளந்தபோதுதான், சைபருக்குக் கீழ் 269 டிகிரியை ஒட்டிய ஓரிடத்தில் தடை செங்குத்தாக விழுந்துவிடுவது தெரிந்தது. கிணற்றின் விளிம்பில் நடந்தவன் உள்ளே விழுந்தாற்போன்ற வீழ்ச்சி. இது எவர் கொள்கையிலும் இல்லாதது. தங்கத்தையும் காட்மியத்தையும் வேண்டுமென்றே கலந்து பாதரசத்தை அசுத்தப்படுத்தியும் பார்த்தார். அப்போதும் தடை மறைந்தது. சுத்தத்தைத் தேடிப் புறப்பட்டவருக்குக் கிடைத்த பொருள் சுத்தத்தைப் பொருட்படுத்தவில்லை.

இதைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஹீலியத்தின் அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்த நீலப் பையன் ஒருவன் கண்ணயர்ந்துவிட்டான். வெப்பநிலை மெல்ல ஏறி எல்லையைக் கடந்தது. இருட்டறையிலிருந்த ஹோல்ஸ்டின் கருவியில் முள் திடீரென்று தாவிற்று. அதனால்தான் உண்மை புலப்பட்டது என்பது கதை. கேட்க இனிக்கிறது. ஆயினும் குறிப்பேடுகளை நூறாண்டு கழித்து ஊன்றிப் படித்த ஆராய்ச்சியாளர்கள், நடந்தது திட்டமிட்ட, நிதானமான அளவீடே என்று காட்டியிருக்கிறார்கள். தூங்கிய பையனைக் கதையில் வைத்துக்கொள்ள நமக்கும் ஆசைதான். ஆனால் வரலாற்றில் விழித்திருந்த பையன்களையே காண்கிறோம்.

ஹோல்ஸ்டைப் பற்றி நமக்கு ஒரு மனக்குறை உண்டு. 1911இல் வெளியான கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் ஓன்ஸ் ஒருவருடையதே. ஹோல்ஸ்டின் உதவி உள்ளே நன்றியுடன் குறிக்கப்பட்டது. அக்கால ஆய்வுக்கூடங்களின் வழக்கம் அது என்பார்கள். வழக்கம் என்பது உண்மையே. இருப்பினும் இருட்டறையில் அமர்ந்து அந்த அளவை முதலில் கண்ட கண்கள் ஹோல்ஸ்டினுடையவை. பெயர் அச்சில் ஏறாத உழைப்பின் சுவை மொழிபெயர்ப்பாளருக்கு நன்றாகவே தெரியுமாதலால் இதனை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம். ஹோல்ஸ்ட் சில ஆண்டுகளில் லெய்டனை விட்டு ஐந்தோவன் நகருக்குச் சென்று, பிலிப்ஸ் கம்பெனியின் புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தை நிறுவி அதன் தலைவரானார். 1913இல் ஓன்ஸுக்கு நோபல் பரிசு வந்தது. கடுங்குளிரில் பொருள்களின் தன்மையை ஆராய்ந்ததற்கும், அதன் வழியே திரவ ஹீலியம் உண்டாக்கியதற்கும் என்று அதில் கண்டிருந்தது. மீக்கடத்துதிறன் என்ற சொல் அதில் இல்லை.

அந்த 1913ஆம் ஆண்டுதான் கனவின் ஆண்டு. வெள்ளீயமும் காரீயமும் மீக்கடத்திகளாகும் என்பது முந்தின ஆண்டின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. பாதரசத்தைப் போலன்றி இவற்றைக் கம்பியாக இழுத்துச் சுருளாகச் சுற்றலாம். செப்டம்பர் மாதம் சிகாகோவில் கூடிய சர்வதேசக் குளிரூட்டல் மாநாட்டில் ஓன்ஸ் தம் திட்டத்தை விவரித்தார். செப்புக் கம்பியைச் சுற்றித் திரவக் காற்றால் குளிர்வித்து 100,000 கௌஸ் வலிமையுள்ள காந்தம் செய்யலாம் என்று பெரேன் என்ற பிரெஞ்சு அறிஞர் முன்னர்ச் சொல்லியிருந்தார். அதற்கு ஆகும் செலவில் ஒரு போர்க்கப்பலே கட்டிவிடலாம் என்று கணக்கிடப்பட்டது. ஓன்ஸ் சொன்னார்: காரீயக் கம்பியைத் திரவ ஹீலியத்தில் வைத்தால் தடையே இல்லை, தடை இல்லையேல் சூடில்லை, சூடில்லையேல் செலவும் இல்லை. வேண்டிய பணம் கிடைத்தால் அந்தக் காந்தம் சிறிய அளவில் கைகூடிவிடும்.

ஊர் திரும்பியதும் வேலையைத் தொடங்கினார். 1914 ஜனவரியில் விடை கிடைத்தது. காரீயம் 600 கௌஸ் காந்தப்புலத்திலேயே தன் திறனை இழந்து பழைய உலோகமாகிவிட்டது. தான் உண்டாக்கும் காந்தமே தன்னைக் கெடுக்கிறது. 100,000 எங்கே, 600 எங்கே? அறுபது வயது கடந்த ஒரு மனிதருக்கு இஃது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். அவர் அந்த அளவுகளை அப்படியே அச்சிட்டு வெளியிட்டார்.

அதே ஆண்டு ஏப்ரலில் வேறொரு பரிசோதனை நடந்தது. காரீயக் கம்பியால் சுருள் செய்து, முனைகளை இணைத்து, அதில் மின்சாரத்தைத் தூண்டிவிட்டு, மூலத்தை விலக்கிவிட்டார்கள். சாதாரணக் கம்பியில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் அடங்கிவிடும். இங்கே, அருகிலிருந்த திசைகாட்டி ஊசி மணிக்கணக்கில் திரும்பியபடியே நின்றது. பக்கத்திலிருந்து பார்த்த எஹ்ரன்ஃபெஸ்ட் என்ற பேராசிரியர் தம் மூத்தவராகிய லோரன்ட்ஸுக்கு அன்றே வியந்து கடிதம் எழுதினார். கம்பியை வெட்டிய பின்னரே ஊசி தன் நிலைக்குத் திரும்பியது. மருத்துவமனைக் காந்தத்தில் இன்று ஆண்டுக் கணக்கில் சுற்றும் மின்சாரத்துக்கு இதுவே மூதாதை.

1926ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் ஓன்ஸ் காலமானார். சவ ஊர்வலத்தைப் பற்றிக் காசிமிர் என்ற விஞ்ஞானி தம் நினைவுகளில் ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார். தேவாலயச் சடங்கு முடியத் தாமதமாகிவிட்டதால் சவ வண்டி விரைந்து ஓடியது. கறுப்புக் கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணிந்து பின்னால் நடந்த பட்டறைத் தொழிலாளர்கள் மூச்சு வாங்க ஓட வேண்டியதாயிற்று. செத்த பிறகும் கிழவர் நம்மை ஓட வைக்கிறாரே என்ற கருத்தில் ஃப்ளிம் முணுமுணுத்தாராம். பல்லாண்டு உறவு அந்த முணுமுணுப்பில் இருக்கிறது. 1932இல் இதே ஃப்ளிம், மின்சாரம் சுற்றிக்கொண்டிருக்கும் காரீய வளையம் ஒன்றைத் திரவ ஹீலியக் குடுவையில் வைத்து, விமானத்தில் எடுத்துக்கொண்டு இலண்டன் சென்றார். டூவார் வாழ்ந்து பணிபுரிந்த ராயல் இன்ஸ்டிடியூஷனில் அதனைச் சபையோர்க்குக் காட்டினார்கள். கடல் கடந்தும் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது.

காந்தக் கனவின் எஞ்சிய கதை சற்று நீண்டது, சுருக்கமாகவே சொல்கிறோம். 1930இல் லெய்டனிலேயே டி ஹாஸும் வோகட்டும் காரீயத்தோடு பிஸ்மத்தைக் கலந்தால் 15,000 கௌஸுக்கு மேலும் மீக்கடத்தல் நீடிப்பதைக் கண்டனர். ஆயின் மின்சாரத்தைச் சற்று மிகுதியாகச் செலுத்தினாலே அந்நிலை கெடுவதாகத் தெரிந்ததால் கைவிடப்பட்டது. 1926 முதல் 1930 வரை லெய்டனில் பயின்று சென்ற ஷுப்னிகோவ் என்ற ருஷ்ய விஞ்ஞானி, கார்க்கோவ் நகரில் குளிர்கூடம் அமைத்துக் கலப்பு உலோகங்கள் தூய உலோகங்களினின்றும் வேறான ஒரு தனி இனம் என்று நிறுவினார். காந்தப்புலம் அவற்றைக் கெடுக்காமலேயே உள்ளே புகுகிறது என்பது அவர் கண்டது. 1937இல் பொய்க்குற்றம் சாட்டப்பட்டு அவர் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 36. அவருடைய கட்டுரைகள் மறக்கப்பட்டன. 1957இல் அப்ரிகோசவ் அந்த இனத்துக்குரிய கணித விளக்கத்தை வெளியிட்டார்: புலம் நூல் நூலாக உள்ளே நுழைகிறது; உலோகத்திலுள்ள குறைகளும் கறைகளும் அந்நூல்களை அசையாமல் பற்றிக்கொண்டால் பெரும் மின்சாரமும் தடையின்றி ஓடும். 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் குன்ஸ்லரும் நண்பர்களும் நியோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த கூட்டுப்பொருள் 88,000 கௌஸிலும் மீக்கடத்துவதைக் காட்டினர். சிகாகோ உரைக்குப் பின் 48 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஓன்ஸ் நீக்க விரும்பிய அசுத்தமே அவருடைய காந்தத்துக்குத் தேவையாயிருந்தது.

நம் நாட்டிலும் இந்தக் குளிர் வந்து சேர்ந்தது. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் முதல் இயக்குநராக விளங்கிய புதுதில்லி தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்துக்கு, கேம்பிரிட்ஜிலிருந்து டேவிட் ஷோன்பெர்க் 1953-54இல் யுனெஸ்கோவின் ஆலோசகராக வந்து கடுங்குளிர் ஆராய்ச்சிக்கு வழிகாட்டினார். பின்னர்த் தில்லியில் நியோபியத்தால் ஆன முடுக்கிப் பெட்டகங்களும், கொல்கத்தாவில் மீக்கடத்திச் சைக்ளோட்ரானும், காந்திநகரில் 2013 முதல் இயங்கிய எஸ்.எஸ்.டி.-1 என்னும் பொறியும் உருவாயின. இவற்றில் உழைத்தவர்களில் பட்டறைத் தொழிலாளர்களின் பெயர்களை எந்த அறிக்கையில் தேடுவது என்பதை நேயர்களின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறோம்.

ஓன்ஸின் குறிப்பேடுகள் லெய்டன் நகரத்து போயர்ஹாவ அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன. எழுத்து கிறுக்கல், பென்சில் மங்கியிருக்கிறது, படிப்பவர் கண் நோகும். 1911 ஏப்ரல் 8ஆம் நாளுக்குரிய பக்கங்களில் பாதரசத்தைப் பற்றிய குறிப்பைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. பம்பை மேலும் இயக்கிக் குளிரை இன்னும் இறக்கியபோது, ஹீலியம் கொதிப்பதைச் சட்டென்று நிறுத்தி அமைதியாகிவிட்டது என்று அவர் எழுதியிருக்கிறார். அதன் பொருள் அன்று எவருக்கும் தெரியவில்லை. அந்த அமைதியான ஹீலியத்தின் உட்பொருள் விளங்க மேலும் கால் நூற்றாண்டு சென்றது. ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள முடுக்கியின் 1,232 பெருங்காந்தங்கள் மூழ்கியிருப்பது அதே அமைதியான ஹீலியத்தில்தான்.